முதலில் சாஸ், கடைசியில் மீன்

காரச் சாஸில் செய்யும் கடல் உணவு கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: இரண்டையும் ஒரே சட்டியில், ஒரே நேரத்தில் வேகவைக்கப் பார்ப்பது. மிளகாயும் பூண்டும் வெங்காயமும் பச்சை வாசனை போய் எண்ணெய் பிரிந்து வர 15 முதல் 20 நிமிடம் பிடிக்கும். இறாலுக்கு 2 நிமிடம் போதும், கணவாய்க்கு அதைவிடக் குறைவு. சாஸ் தயாராகும் வரை இறாலும் கூடவே கொதித்தால் ரப்பராகிவிடும். இறாலுக்காகச் சட்டியைச் சீக்கிரம் இறக்கினால் சாஸில் பச்சைப் பூண்டு நெடி நிற்கும். எனவே சாஸை முன்கூட்டியே, முடிந்தால் முந்தின நாளே செய்து, உப்பு புளிப்பு பார்த்து எடுத்து வைத்துவிடுங்கள். மீன் அடுப்பில் ஏறிய பிறகு எதையும் நறுக்கவோ அரைக்கவோ நேரம் கிடைக்காது.

மிளகாய்

காரம் விதையில் இருக்கிறது என்று பலரும் நம்புகிறார்கள். காரத்தைத் தரும் கேப்சைசின் என்ற பொருள் ஊறுவது விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கும் வெளிறிய நடுத்தண்டில். விதையில் இருப்பது அதிலிருந்து ஒட்டிக்கொண்டதுதான். காரத்தைக் குறைக்க விதையை மட்டும் உதறினால் பெரிய பலன் இருக்காது. மிளகாயைக் கீறி, அந்தத் தண்டைக் கத்தி முனையால் சுரண்டி எடுக்க வேண்டும்.

ஒரே வகை மிளகாயில் நிறம், காரம், மணம் மூன்றும் சரியாகக் கிடைப்பது அரிது. நிறத்துக்கு ஒன்று, காரத்துக்கு ஒன்று என்று இரண்டைக் கலப்பதே நல்லது. காஷ்மீரி மிளகாய் சுமார் 1,000 முதல் 2,000 ஸ்கோவில் அலகு (காரத்தை அளக்கும் அலகு). நிறம் கொட்டும், நாக்கை எரிக்காது. கயேன் வகை 30,000 முதல் 50,000. ஹபனேரோ 1 லட்சத்திலிருந்து 3.5 லட்சம் வரை போகும். அதை 500 கிராம் மிளகாய்க்கு ஒன்றிரண்டு என்ற அளவில் சேர்த்தாலே பழ வாசனை வந்துவிடும்.

காரமான மிளகாயைத் தொடும்போது கையுறை போடுங்கள். போடாமல் கை எரிந்தால் முதலில் சமையல் எண்ணெய் தேய்த்துத் துடைத்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கேப்சைசின் எண்ணெயில் கரையும், வெறும் தண்ணீரில் கரையாது.

வதக்கி அரைத்த மிளகாய்-பூண்டுச் சாஸ்

மூன்று சாஸ் சொல்கிறேன். ஒன்று மட்டும் போதும் என்பவர்கள் இதைச் செய்யுங்கள். இறால், நண்டு, மட்டி எல்லாவற்றுக்கும் ஒத்துப்போகும்.

நிறம் தரும் காய்ந்த மிளகாய் 40 கிராம், காரமான காய்ந்த மிளகாய் 10 கிராம், உரித்த பூண்டு 60 கிராம், வெங்காயம் 100 கிராம், எண்ணெய் 100 மி.லி., வினிகர் 60 மி.லி., சர்க்கரை 20 கிராம், உப்பு 10 கிராம். ஏறத்தாழ ஒரு சின்ன பாட்டில் அளவு வரும்.

மிளகாயின் காம்பைக் கிள்ளி, விதையை உதறிவிட்டு, வெறும் வாணலியில் சிறு தீயில் வறுங்கள். வாசனை எழும்பி, தோல் லேசாக உப்பியதும் இறக்கிவிட வேண்டும். அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடத்துக்குள் இது முடிந்துவிடும். ஓரத்தில் கருப்புப் புள்ளி விழுந்த மிளகாயைத் தயங்காமல் தூக்கிப் போடுங்கள். கருகிய மிளகாயின் கசப்பைச் சர்க்கரையோ வினிகரோ மறைக்காது, பாட்டில் முழுக்கப் பரவும். வறுக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள். கமறல் வீடு முழுக்கப் போகும்.

வறுத்ததைச் சுடுதண்ணீரில் மூழ்கவைத்து, மேலே ஒரு தட்டை வைத்து அமுக்கி, 30 நிமிடம் ஊறவிடுங்கள். ஊறிய தண்ணீரை ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். கசக்கவில்லையென்றால் அரைக்க அதையே பயன்படுத்தலாம். கசந்தால் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் சேருங்கள். பூண்டு, வெங்காயத்தோடு சேர்த்து, மிக்ஸி சுற்றத் தேவையான அளவு, சுமார் 100 மி.லி. தண்ணீர் விட்டு மைய அரையுங்கள். தோல் திப்பி திப்பியாக நின்றால் சாஸ் வழுவழுப்பாக வராது.

எண்ணெயை மிதமாகக் காயவைத்து விழுதைக் கொட்டிச் சிறு தீயில் கிளறுங்கள். முதல் ஐந்து நிமிடம் தெறிக்கும், அடி பிடிக்கப் பார்க்கும். தண்ணீர் வற்ற வற்றச் சத்தம் மாறும்: கொதிக்கும் ‘பொளக் பொளக்’ அடங்கி, மெல்லிய சலசலப்பாகிவிடும். நிறமும் செங்கல் சிவப்பிலிருந்து கொஞ்சம் அடர்ந்து, கரண்டியால் ஒதுக்கினால் அந்த இடத்தில் எண்ணெய் ஊறி நிற்கும். 15 முதல் 20 நிமிடத்தில் இந்தப் பதம் வரும். அப்போதுதான் உப்பு, சர்க்கரை, வினிகர். சர்க்கரையை முன்னாலேயே போட்டால் அடியில் கருகும். வினிகர் விட்டதும் இன்னும் 3 நிமிடம் கொதிக்கவிட்டு இறக்குங்கள்.

ஆறியதும் சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். மீதியை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்தால் மூன்று மாதம் வரை எடுத்து எடுத்துப் போடலாம். இதை வெளியே வைத்துப் பயன்படுத்தவே கூடாது. பூண்டு எண்ணெயில் மூழ்கிக் கிடக்கும்போது காற்றுப் படாது, புளிப்பும் போதாமல் இருந்தால் அந்த இடம் கொடிய நஞ்சை உண்டாக்கும் போட்டுலிசம் கிருமிக்கு வசதி. நஞ்சு உருவானாலும் நிறமோ வாசனையோ மாறாமல் இருக்கலாம். வினிகரே சேர்க்காமல் வெறும் பூண்டு-மிளகாய் எண்ணெய் செய்பவர்கள் ஃப்ரிட்ஜிலேயே 4 நாளுக்கு மேல் வைக்காதீர்கள்.

புளிக்கவைத்த சாஸ்

வேலை குறைவு, காத்திருப்பு அதிகம். வாணலிச் சாஸில் வராத ஒரு ஆழமான புளிப்பு இதில் கிடைக்கும். வறுத்த மீனுக்கும் மட்டிக்கும் மேலே சொட்டாக விட்டுக்கொள்ள இதுதான் சரி.

பழுத்த சிவப்பு மிளகாய் 500 கிராம், பூண்டு 30 கிராம், தண்ணீர் 500 மி.லி. உப்பை ஸ்பூனால் அளக்காதீர்கள். கல் உப்பும் தூள் உப்பும் ஒரே ஸ்பூனில் வெவ்வேறு எடை நிற்கும். மிளகாய், பூண்டு, தண்ணீர் மூன்றின் மொத்த எடையில் 3 சதவீதம், அதாவது இங்கே 31 கிராம். இதைவிட மிகவும் குறைந்தால் வேண்டாத கிருமிகள் முந்திக்கொள்ளும். மிகவும் கூடினால் புளிப்பைத் தரும் லாக்டிக் பாக்டீரியாவே மந்தமாகிவிடும்.

மிளகாயைக் கழுவி, காம்பு நீக்கி, வட்டமாக நறுக்கிப் பாட்டிலில் அடுக்கி, உப்புக் கரைத்த தண்ணீரை ஊற்றுங்கள். துண்டுகள் மேலே மிதக்கும். தண்ணீர் நிரப்பிக் கட்டிய சின்னப் பிளாஸ்டிக் பையை மேலே வைத்து அமுக்கினால் போதும். முக்கியமான விதி இது ஒன்றுதான்: தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் துண்டில்தான் பூஞ்சை பிடிக்கும். மேலே கால்வாசி இடம் விட்டு மூடியைத் தளர்வாக வையுங்கள். இறுக்கினால் தினமும் ஒரு தடவை திறந்து வாயுவை விடுங்கள், இல்லையென்றால் பாட்டில் வெடிக்கக்கூடும்.

20 முதல் 25 டிகிரி வெப்பத்தில் 7 முதல் 10 நாள் ஆகும். அதைவிடச் சூடான இடத்தில் 5, 6 நாளிலேயே முடிந்துவிடும். மூன்றாம் நாள் வாக்கில் குமிழி வரும், தண்ணீர் கலங்கும். இரண்டும் நல்ல அறிகுறி. மேலே மெல்லிய வெள்ளை ஏடு படிந்தால் அது ஈஸ்ட், வழித்து எடுத்துவிட்டால் போதும். பச்சை, கருப்பு, இளஞ்சிவப்பு என்று பஞ்சுபோல் எழும்பினால் பூஞ்சை. அந்தப் பகுதியை மட்டும் எடுத்துவிட்டு மீதியைப் பயன்படுத்தக் கூடாது, மொத்தமும் குப்பைக்குத்தான். புளிப்பின் அளவைக் காட்டும் பி.எச். தாள் இருந்தால் 4க்குக் கீழே வந்ததா என்று பாருங்கள். பாதுகாப்பின் எல்லை 4.6, அதற்கும் கீழே கொஞ்சம் இடைவெளி இருப்பது நல்லது.

பிறகு வடித்து, மிளகாயோடு அதே உப்புத் தண்ணீர் 120 மி.லி., வினிகர் 80 மி.லி. சேர்த்து அரையுங்கள். 5 நிமிடம் கொதிக்கவைத்து, சல்லடையில் வடிகட்டி பாட்டிலில் அடைத்து ஃப்ரிட்ஜில் வைத்தால் பல மாதம் தாங்கும். கொதிக்கவைத்துவிட்டு மிக்ஸியில் போடாதீர்கள், ஆவி மூடியைத் தூக்கியடிக்கும். நாளாக ஆகத் தண்ணீர் தனியே பிரிந்தால் குலுக்கிக்கொள்ளலாம். பிரியவே கூடாது என்றால் அரைக்கும்போது மொத்த எடையில் 0.1 சதவீதம் ஸாந்தன் கம் (சாஸைக் கெட்டியாக்கும் தூள்). அதற்கு மேல் போட்டால் கோழைபோல் இழுக்கும்.

அரைத்ததும் ஊற்றும் பச்சைச் சாஸ்

பச்சை மிளகாய் 6, பூண்டு 4 பல், கொத்தமல்லி ஒரு கைப்பிடி, உப்பு அரை டீஸ்பூன், சர்க்கரை 1 டீஸ்பூன். கொரகொரப்பாக இடித்துவிட்டு 3 டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு. சாறு பட்ட சில மணி நேரத்தில் பச்சை நிறம் பழுப்பாகிவிடும், அதனால் சாப்பிடப்போகும் நேரத்தில் பிழிந்தால் போதும். வேகவைத்த, ஆவியில் வெந்த எதற்கும் இது பொருந்தும்.

வாங்கும்போதும் வைக்கும்போதும்

முழு மீனில் கண் துருத்திப் பளபளப்பாகவும் செவுள் சிவப்பாகவும் இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் பள்ளம் உடனே நிரம்ப வேண்டும். இறாலில் அம்மோனியா நெடி அடித்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், சமைத்தால் போகாது. நண்டும் மட்டியும் உயிரோடு இருக்க வேண்டும். வாய் திறந்த மட்டியை ஒரு தட்டுத் தட்டினால் மூடிக்கொள்ளும், மூடாதது செத்தது.

மத்தி, கானாங்கெளுத்தி, சூரை மூன்றிலும் கூடுதல் கவனம் தேவை. இவை சூட்டில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் உருவாகும். முகம் சிவந்து, தலைவலி, அரிப்பு என்று ஒவ்வாமைபோலவே வரும். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் ஹிஸ்டமின் அழியாது. வாங்கியதும் ஐஸில் வைத்துக் கொண்டுவந்து, 4 டிகிரிக்குக் கீழே வைப்பது ஒன்றே வழி.

உறைந்ததை முந்தின இரவே ஃப்ரிட்ஜில் இறக்கி வையுங்கள். அவசரமென்றால் பையோடு குளிர்ந்த தண்ணீரில் முக்கால் மணி நேரம். காற்று உறிஞ்சி அடைத்த உறையில் வந்த மீனை ஃப்ரிட்ஜில் இளகவைக்கும்போது உறையை முதலில் கத்தரித்துவிட வேண்டும். காரணம் பூண்டு எண்ணெய்க்குச் சொன்னதுதான். மீனில் வரும் போட்டுலிசம் கிருமி வகை குளிரிலும் வளரும்.

இறால்

ஓட்டைக் கழற்றி, முதுகில் 3 மி.மீ. ஆழத்துக்குக் கீறினால் கருநூல்போல் தெரிவது அதன் குடல். கத்தி முனையால் நெம்பி இழுத்தால் முழுசாக வந்துவிடும். தலையையும் ஓட்டையும் எறியாதீர்கள். 2 டேபிள்ஸ்பூன் எண்ணெயில் 5 நிமிடம் வறுத்து, 400 மி.லி. தண்ணீர் விட்டு 20 நிமிடம் மெதுவாகக் கொதிக்கவைத்து, அழுத்தி வடிகட்டி, 100 மி.லி. ஆகும்வரை வற்றவையுங்கள். முதலில் எண்ணெயில் வறுப்பதற்குக் காரணம், ஓட்டிலுள்ள செம்மஞ்சள் நிறமி எண்ணெயில்தான் இறங்கும். கடையில் வாங்கும் எந்தத் தூளும் இந்தச் சாற்றுக்கு ஈடாகாது. ஒரு மணி நேரம் கொதித்தால் மட்டும் கசப்பு ஏறும்.

சுத்தம் செய்த 500 கிராம் இறாலுக்கு உப்பு அரை டீஸ்பூன், சமையல் சோடா கால் டீஸ்பூன். பிசறி 20 நிமிடம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். சோடாவின் காரத்தன்மையால் (மிளகாய்க் காரமல்ல, புளிப்புக்கு எதிரான தன்மை) புரதம் இறுகிச் சுருங்குவது குறையும். கடித்தால் நறுக்கென்று இருக்கும். அரை டீஸ்பூனாக்கினால் சோப்பு ருசி வரும். பிறகு காகிதத்தால் நன்றாக ஒற்றி எடுங்கள். ஈரமான இறால் வதங்காது, தன் தண்ணீரிலேயே அவியும்.

வாணலியை நன்றாகக் காயவைத்து 1 டேபிள்ஸ்பூன் எண்ணெய் விட்டு, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்புங்கள். இடம் போதாவிட்டால் இரண்டு தவணையாகச் செய்யுங்கள். ஒரு பக்கம் ஒரு நிமிடம், கிளறாமல். திருப்பிப் போட்டு அரை நிமிடம். வால் பக்கம் வளைந்து ‘C’ போல நின்றதும், கீறிய இடத்தின் நடுவில் கண்ணாடிபோல் இன்னும் துளி தெரியும்போதே தட்டில் எடுத்துவிடுங்கள். வட்டமாகச் சுருண்டுவிட்டால் நேரம் கடந்துவிட்டது.

அதே வாணலியில் வதக்கிய சாஸ் 4 டேபிள்ஸ்பூன், இறால் சாறு 4 டேபிள்ஸ்பூன் விட்டு ஒரு நிமிடம் கொதிக்கவைத்து, கரண்டியின் பின்புறத்தில் ஒட்டும் அளவுக்கு வற்றவிடுங்கள். அடுப்பை அணைத்து, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த வெண்ணெய் 20 கிராமைத் துண்டாக்கிப் போட்டு வாணலியைச் சுழற்றுங்கள். கொதிக்கும்போது போட்டால் வெண்ணெய் உருகி எண்ணெயாகப் பிரியும்; சூடு தணிந்தபின் போட்டால் சாஸோடு சேர்ந்து பளபளப்பாகும். இறாலைக் கொட்டி அரை நிமிடம் புரட்டினால், விட்ட குறை வேக்காடும் அந்தச் சூட்டிலேயே முடியும்.

மீன் துண்டுகள்

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் உப்புக் கரைத்து, 2.5 செ.மீ. தடிமனான துண்டுகளை 10 நிமிடம் போட்டு எடுங்கள். வேகும்போது வெளியே திரளும் வெள்ளைத் தயிர் போன்ற புரதம் இதனால் குறையும், உப்பும் சீராக இறங்கும். மறுபடி உப்புப் போட வேண்டாம். ஈரத்தை ஒற்றியெடுத்து, தோல் பக்கம் கீழே இருக்கும்படி, எண்ணெய் நெளியத் தொடங்கிய கல்லில் வைத்து 15 விநாடி அழுத்திப் பிடியுங்கள். தோல் சுருங்கி வளைவதை இது தடுக்கும். பிறகு மிதமான தீ. ஒட்டிக்கொண்டால் நெம்பாதீர்கள், தோல் மொறுமொறுத்ததும் தானே விடும். பக்கவாட்டில் பார்த்தால் வெள்ளை நிறம் கீழிருந்து மேலே ஏறுவது தெரியும். முக்கால்வாசி ஏறியதும் திருப்பி ஒரு நிமிடம். வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு நடுவில் 63 டிகிரி.

மிளகாய்த் தூளைத் தடவி வறுப்பவர்கள் தீயைக் கூட்டவே கூடாது. தூள் சூடான எண்ணெயில் அரை நிமிடத்துக்குள் கருகும். மீன் வேக அதைப்போல பல மடங்கு நேரம் வேண்டும். தூளை எண்ணெயும் கொஞ்சம் அரிசி மாவும் சேர்த்துக் குழைத்துப் பூசினால் தாக்குப்பிடிக்கும். எலுமிச்சைச் சாற்றில் அரை மணிக்கு மேல் ஊறவைத்தால் சதை வெளுத்து மாவாகும். ஊறியது வெந்ததுபோலத் தெரிந்தாலும் அதிலுள்ள புழுக்களும் கிருமிகளும் அப்படியேதான் இருக்கும்.

மொறுமொறுப்பான தோல்மேல் சாஸை ஊற்றுவது செய்த வேலையை நாமே கெடுப்பது. தட்டில் முதலில் சாஸ், அதன்மேல் மீன்.

கணவாய்

இரண்டு நிமிடத்துக்குள், அல்லது முக்கால் மணி நேரத்துக்கு மேல். நடுவில் எங்கே நிறுத்தினாலும் மெல்ல முடியாது. உள்பக்கத்தில் குறுக்கும் நெடுக்குமாக மேலாகக் கீறி, கொதிக்கும் தண்ணீரில் 20 விநாடி முக்கி எடுத்து, ஈரம் ஒற்றி, கொதித்துக்கொண்டிருக்கும் சாஸில் ஒரு புரட்டு. கீறலுக்குள் சாஸ் பிடித்துக்கொள்ளும். தவறி இறுகிவிட்டால் பயப்பட வேண்டாம்: சாஸோடு ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு மூடி, சிறு தீயில் 45 நிமிடம் விடுங்கள். சதையை இறுக்கிப் பிடித்திருக்கும் கொலாஜன் என்ற புரதம் கரைந்து மறுபடி மிருதுவாகும். சாஸோடு நீண்ட நேரம் வேகலாம் என்ற சலுகை கணவாய்க்கு உண்டு.

நண்டும் மட்டியும்

நண்டு அரைக் கிலோ எடையுள்ளதென்றால் ஆவியில் 12 முதல் 15 நிமிடம். மேலோட்டைத் திறந்து, இருபுறமும் பஞ்சு விரல்கள்போல் இருக்கும் செவுளைப் பிய்த்து எறியுங்கள். கொடுக்கைக் கத்தியின் பின்பக்கத்தால் விரிசல்விட்டால்தான் சாஸ் உள்ளே போகும். சாஸையும் வழக்கத்தைவிட நீர்க்க வைத்து, 3 நிமிடம் புரட்டுங்கள். கெட்டிச் சாஸ் ஓட்டிலேயே தங்கி, கடைசியில் விரல்தான் காரமாக இருக்கும்.

மட்டியில் மணல் போக, லிட்டருக்கு 35 கிராம் உப்புப் போட்ட குளிர்ந்த தண்ணீரில் இருட்டில் 2 மணி நேரம் வையுங்கள். நல்ல தண்ணீரில் போட்டால் மணலைத் துப்பாது, செத்துவிடும். எடுக்கும்போது கையால் அள்ளுங்கள். பாத்திரத்தைக் கவிழ்த்தால் அடியில் படிந்த மணல் மறுபடி தலையில் கொட்டும். மூடி போட்டு, பெரிய தீயில் 3 முதல் 6 நிமிடம். வாய் திறக்கத் திறக்க எடுத்துக்கொண்டே இருங்கள். சட்டியில் நிற்கும் சாறு உப்பானது, அதைத் துணியில் வடிகட்டிச் சாஸில் சேர்த்துவிட்டு, பிறகுதான் உப்புப் பார்க்க வேண்டும்.

காரம் கூடிவிட்டால்

தண்ணீர் விட்டால் சாஸ் நீர்க்கும், காரம் நிற்கும். தேங்காய்ப்பால், வெண்ணெய், கிரீம் போன்ற கொழுப்புதான் கேப்சைசினைத் தன்னிடம் இழுத்துக்கொள்ளும். சர்க்கரை ஒரு சிட்டிகை காரத்தின் முனையை மழுக்கும். புளிப்பைக் கூட்டினால் சிலருக்குக் காரம் இன்னும் உறைக்கும், அதனால் கடைசியில் தொடுங்கள். உப்புக் கரித்தால், உப்பில்லாத வெங்காய விழுதை வதக்கிச் சேர்த்துச் சாஸின் அளவைக் கூட்டுவதுதான் ஒரே வழி.

மிஞ்சியதை 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்து 2 நாளுக்குள் முடியுங்கள். வெந்த இறாலை மறுபடி சூடாக்கினால் இறுகத்தான் செய்யும். சாஸில் புரட்டாமல் தனியே எடுத்து வைத்த இறாலாக இருந்தால், குளிர்ந்தபடியே பச்சைச் சாஸில் தோய்த்துச் சாப்பிடுவது மேல்.